திமிலை

சந்திரபாடி ஐஸ் ஃபேக்டரிக்கு
மீட்டர் படிக்கப் போயிருந்தேன்.
மணி ஆறேகால்.
விசைப்படகுகள் கரைகட்டி, கழிவு மீனைக் குவித்திருந்தார்கள்,
கோழித்தீவன லாரிக்குப் போகிற குவியல்:
நண்டுக்கால், காரல்குஞ்சு, பெயர் வைக்காத சிலது.
ஓரத்தில் பழுப்பாய், வட்டமாய்,
நனைந்த தோசைபோல ஒன்று.
கண் இருக்கிறதா என்று குனிந்து
விரலால் தள்ளினேன்.

தோள்வரை ஏறியது.

பேனா தெறித்து ஐஸ் தூளில் விழுந்தது.
கூடைக்கு மீன் பொறுக்கிய அஞ்சலாட்சி
தலை நிமிராமல் சிரித்தாள்.
"கரண்ட் ஆபீஸ்காரம்மாவுக்கே ஷாக்கா?
அது திமிலை. தொட்டா கை திமிரிப்போவும்.
சாவுறப்பகூட ஒருதரம் அடிச்சிட்டுதான் சாவும்.
அவ்ளோ திமிரு."

பதினாறு வருஷ சர்வீஸில்
மின்சாரத்தைப் படித்திருக்கிறேன், தொட்டதில்லை.
முன்பெல்லாம் ஓடும் சக்கரம், அதில் ஒரு கறுப்புக் கோடு.
இப்போது மினுக்கும் சிவப்புப் புள்ளி.
இந்தமுறை எண்ணில் போனமுறை எண்ணைக் கழித்தால்
மிச்சம் நிற்பதுதான் கரண்ட்.

பயிற்சி வகுப்பில் ஒருநாள் சொன்னார்கள்:
கடல்தாண்டிய ஏதோ ஊரில்
இந்தச் சாதி மீனை அறுத்துப் பார்த்தார்களாம்.
உள்ளே தேனடைபோல் அறைகள்,
அறைக்குள் சில்லறைக் காசை அடுக்கியதுபோல் தகடுகள்.
பிறகு ஒருவர் உலோக வில்லைகளை அப்படியே அடுக்கி
இடையிடையே உப்புத்தண்ணீரில் நனைத்த துணி வைத்தாராம்.
முதல் பேட்டரி மீனைப் பார்த்து எழுதிய காப்பி.
பரீட்சைக்கு வராது என்று
பக்கத்தைத் திருப்பினோம்.
வந்தது ஓம் விதி.

மாசிலாமணிக்கு ஓம் விதி தெரியாது.
ஒப்பந்தக் கூலி, நாளுக்கு இவ்வளவு.
ஐப்பசி மழையில் காட்டுச்சேரிப் பக்கம்
சம்பா வயலுக்குள் கம்பம் சாய்ந்திருந்தது.
லைன் கிளியர் கிடைத்துவிட்டதென்று போனில் சொன்னார்கள்.
அணைத்தது வேறு ஃபீடர்.
முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கம்பியைப் பிடித்தான்.
அவன் மனைவியிடம் எல்லோரும் சொன்னார்கள், விதி என்று.
முன்னால் ஓம் போடாமல்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வந்த ராத்திரி
தூக்கமில்லாமல் கணக்குப் போட்டேன்,
அவன் வழியாகப் போனது எத்தனை யூனிட்.
புள்ளிக்குப் பிறகு
சைபர், சைபர், சைபர்.
பைசாவுக்குத் தேறாத தொகை.
அந்த லைன் பம்ப்செட்டுகளுக்குப் போவது,
இலவசம்.
அதற்கு மீட்டரே கிடையாது.

திமிலை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.
மூட்டுவதும் அணைப்பதும் ஒரே உடம்பு.
நடுவில் போன் பேச ஆளில்லை,
ஸ்விட்சில் தொங்கவிட அட்டையில்லை.
இன்னொன்று தோன்றியது, அஞ்சலாட்சியிடம் சொல்லவில்லை:
இருட்டுத் தண்ணீருக்குள் இத்தனை நாள்
இதன் சொந்தக் கை மரத்துப் போகாமல்
எப்படி இருந்தது?

அவள் ரப்பர் செருப்பைக் கழற்றினாள்.
அதை மீனுக்கடியில் செருகி, ஒரே தள்ளு,
வாய்க்கால் தண்ணீரில் சொத்தென்று விழுந்தது.
ஒரு வட்டம் பரவியது,
டீசல் மினுமினுப்போடு.
எந்த வகுப்பில் படித்தாள் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் மடியிலிருந்து
பிளாஸ்டிக் கவரில் சுருட்டிய வெள்ளை அட்டையை எடுத்துவிட்டாள்.

"அது போவட்டும்.
ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு.
எனக்கு எப்படி ஆயிரத்து நானூறு?"

மீன்தண்ணீர் ஊறிய அட்டை.
மின் இணைப்பு எண் என்ற அச்சில்
மை இறங்கி மேற்கொக்கி சுழிந்திருந்தது.
மீன் இணைப்பு எண் என்று
ஒருதரம் படித்துவிட்டேன்.

வலதுகை இன்னும் என்னிடம் திரும்பவில்லை.
இடதுகையால் பேனா பிடித்து
கோணலாகக் கழித்துப் பார்த்தேன்.
இரண்டாம் தடவையும் பார்த்தேன்.
சரியாகத்தான் வந்தது.
அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று
அட்டையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.